ஜும்ஆ உரை: சட்டைப் பையில் ஒரு முஅத்தின்

அல்ஹம்துலில்லாஹ். புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, அன்பிற்கினிய சகோதரர்களே!

ஷஃபான் மாதத்தில் இருக்கிறோம். ரமலான் வாசலுக்கு வந்துவிட்டது. வழக்கமாக இந்த வாரங்களில் நோன்பின் சிறப்பைப் பேசுவோம், ஸகாத்தைப் பேசுவோம். இன்று நம் எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிற செல்போனைப் பற்றிப் பேசப் போகிறேன். உடனே சிலர் தலை குனிவது தெரிகிறது. பயப்பட வேண்டாம், திட்டுவதற்காக இந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் அதை வைத்திருக்கிறேன். கிதாபு புரட்டுகிற நேரம் மிச்சமாகிறது, ஊரில் இருக்கும் அம்மாவின் முகம் தெரிகிறது, மதரஸாவில் என்னுடன் ஓதிய நண்பர்களிடம் ஒரு மஸ்அலாவைக் கேட்டால் அஸருக்குள் பதில் வருகிறது. நிஃமத் என்று அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. என்னுடைய ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். மிம்பரில் நிற்பவனுக்கு அதைச் சொல்வது கடினம்தான். சொல்லாமல் இருப்பது அதைவிடக் கடினமாக இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ரமலானில், சென்னையிலிருந்து கோவைக்கு ரயிலில் போனேன். மதியம் ஏறினேன். நோன்பு வைத்திருந்தேன். முந்தின நாள் இரவு என் போனில் தொழுகை நேரம் காட்டுகிற செயலி அப்டேட் ஆகியிருந்தது. அப்டேட் ஆனதும் அது ஏதேதோ கேட்டது. 'உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா' என்று கேட்டது. தராவீஹ் முடிந்து வந்த அலுப்பு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். போதாக்குறைக்கு, ரயிலில் சார்ஜ் குறைகிறது என்று லொகேஷனையும் அணைத்து வைத்திருந்தேன்.

சேலம் தாண்டி ஈரோட்டை நோக்கி வண்டி போய்க்கொண்டிருந்தது. மாலை 6:18. என் போனில் பாங்கு ஒலித்தது. எதிரில் இரண்டு கல்லூரி மாணவர்கள், நோன்பாளிகள். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியம்மா, மகளோடும் பேரனோடும். அந்தப் பிள்ளைகள் என் தாடியையும் தொப்பியையும் பார்த்தார்கள். "ஹஜ்ரத், திறக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். "பாங்கு சொல்லிவிட்டது தம்பி, திறங்க" என்றேன். நான் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன். அவர்களும் திறந்தார்கள். பெரியம்மா பிஸ்மி சொல்லித் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, டிபன் பாக்ஸில் இருந்த வடையில் இரண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நோன்பாளிக்குத் திறக்கக் கொடுத்த நன்மை கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

பல நிமிடங்கள் கழித்து அந்தப் பேரன், ஏழெட்டு வயது இருக்கும், மேற்குப் பக்க ஜன்னலைக் காட்டி, "அம்மா, சூரியன் இன்னும் போகலையே" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். அடிவானத்துக்கு மேலே சிவப்பாக, முழு வட்டமாக நின்றது.

சகோதரர்களே, அந்த நேரத்தில் என் நெஞ்சு எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. போனை எடுத்துப் பார்த்தேன். மேலே சிறிய எழுத்தில் 'சென்னை' என்று இருந்தது. நான் சென்னையை விட்டு முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே வந்துவிட்டேன். என் போன் இன்னும் சென்னையிலேயே உட்கார்ந்திருந்தது.

எதிரில் இருந்த இரண்டு பிள்ளைகளிடம் உடனே சொன்னேன். "தம்பி, என் தவறு. சூரியன் மறையவில்லை. மறைகிற வரை இனி எதுவும் சாப்பிடாதீர்கள். இந்த நோன்பை ரமலானுக்குப் பிறகு கழா செய்யுங்கள்." அவர்கள் நல்ல பிள்ளைகள். "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றார்கள். அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி ஈரோட்டை நெருங்கியது. பெரியம்மாவின் குடும்பம் பைகளை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டது. இறங்குகிற கூட்டம் நடுவில். நான் எழுந்து போவதற்குள் அவர்கள் பிளாட்பாரத்தில் கலந்துவிட்டார்கள். பேரன் சொன்னது அவர் காதில் விழுந்ததா, விழுந்திருந்தாலும் அதன் சட்டம் அவருக்குத் தெரிந்ததா, எனக்குத் தெரியாது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அந்தத் தாய் அன்றைய நோன்பு நிறைவேறிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நோன்பு என் கழுத்தில் கிடக்கிறது.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். ஏனென்றால் இது யாருக்கும் நடக்கலாம்.

அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே, மேகமூட்டமான ஒரு நாளில் அவர்கள் நோன்பு திறந்துவிட்டார்கள். பிறகு சூரியன் வெளிப்பட்டது. அறிவிப்பாளர்களில் ஒருவரான ஹிஷாம் அவர்களிடம், கழா செய்யும்படி ஏவப்பட்டார்களா என்று கேட்கப்பட்டபோது, கழா இல்லாமல் தீருமா என்ற கருத்தில் பதில் சொன்னார். நான்கு மத்ஹபு இமாம்களின் தீர்ப்பும் இதுதான். மறைந்துவிட்டது என்று எண்ணித் திறந்து, மறையவில்லை என்று பிறகு தெரிந்தால் ஒரு நோன்பைக் கழா செய்ய வேண்டும். தெரிந்தே முறித்தவருக்கு உள்ள கஃப்பாரா இதில் கிடையாது. "பயணிக்கு நோன்பை விடச் சலுகை இருக்கிறதே ஹஜ்ரத்" என்று உங்களில் யாராவது நினைக்கலாம். சலுகை இருக்கிறது. விட்டதைக் கழா செய்யத்தான் வேண்டும் என்பதும் அந்தச் சலுகையிலேயே இருக்கிறது.

முவத்தாவில் இமாம் மாலிக் (ரஹ்) இன்னொரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் மேகமூட்டமான ரமலான் நாளொன்றில், பொழுது சாய்ந்துவிட்டது என்று கருதி நோன்பு திறந்தார்கள். ஒருவர் வந்து சூரியன் தெரிகிறது என்றார். உமர் (ரலி) அவர்கள், காரியம் இலேசானதுதான், நாம் முயன்று பார்த்துத்தானே முடிவு செய்தோம் என்ற கருத்தில் சொன்னார்கள். கழா செய்வது இலேசானது என்பதே அதன் பொருள் என்று இமாம் மாலிக் விளக்குகிறார்கள்.

இந்தச் செய்தியை மதரஸாவில் ஓதியிருக்கிறேன். கோவைக்குப் போய்ச் சேருகிற வரை அதில் ஒரே ஒரு சொல்தான் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் இஜ்திஹாத் செய்தார்கள். வானத்தைப் பார்த்தார்கள், மேகம் மறைத்தது, தங்கள் அறிவால் கணித்தார்கள், தவறியது. நான் என்ன இஜ்திஹாத் செய்தேன்? ஜன்னல் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. மேகம் இல்லை. தலையைத் திருப்பியிருந்தால் போதும். ஏழு வயதுப் பிள்ளை பார்த்ததை ஏழு வருடம் அரபிக் கல்லூரியில் ஓதியவன் பார்க்கவில்லை.

சகோதரர்களே, இமாம் பொறுப்பாளி, முஅத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. முஅத்தினிடம் மக்கள் எதை நம்பி ஒப்படைக்கிறார்கள்? தங்கள் தொழுகையையும் நோன்பையும். நம் பள்ளிவாசலுக்கு ஒரு மோதினாரை வைப்பதென்றால் நிர்வாகம் எத்தனை விசாரிக்கிறது! எந்த ஊர், எங்கே ஓதினார், வக்து தெரியுமா, விடியற்காலை எழுந்துவிடுவாரா என்றெல்லாம் கேட்கிறோம். சட்டைப் பையில் ஒரு முஅத்தினை வைத்துக்கொண்டோமே, அதை யார் விசாரித்தது? நான்கு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து இறக்கிக்கொண்டோம். அவ்வளவுதான்.

நபி (ஸல்) அவர்களுக்கு இரண்டு முஅத்தின்கள் இருந்தார்கள். பிலால் (ரலி) இரவு இருக்கும்போதே பாங்கு சொல்வார்கள், இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொல்கிற வரை உண்ணுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். இப்னு உம்மி மக்தூம் பார்வையற்றவர். ஸஹர் முடிகிற எல்லையை ஒரு பார்வையற்றவரின் குரலில் வைத்தார்கள்! எப்படி? அதே ஹதீஸிலேயே விளக்கம் இருக்கிறது. விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று மக்கள் அவரிடம் சொன்ன பிறகுதான் அவர் பாங்கு சொல்வார். கண் இல்லை, ஆனால் கண் உள்ளவர்களிடம் கேட்டுச் சொன்னார். உங்கள் போனுக்கும் கண் இல்லை. அது சூரியனைப் பார்ப்பதில்லை. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள், எந்த மத்ஹபு என்று நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். சொல்லாவிட்டால் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். அது பொய் சொல்லவில்லை. சென்னையில் அன்று 6:18-க்குச் சூரியன் மறைந்தது உண்மைதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பெரியவர்களுக்கு அலுப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ரமலானுக்கு முன் இது தேவை.

பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் கோவைக்கும் இடையே தீர்க்கரேகையில் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாக வித்தியாசம். ஆகவே மார்ச் மாத நடுவில் சென்னையில் 6:18-க்கு மறைகிற சூரியன் கோவையில் 6:31 வாக்கில்தான் மறையும். பதின்மூன்று நிமிடம்! ஈரோட்டுப் பக்கம் ஏறக்குறைய பத்து நிமிடம். ஆகவே ஊர் மாறினால் முதலில் செயலியில் ஊரின் பெயரைப் பாருங்கள்.

அடுத்தது பஜ்ரு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரியில் இருக்கும்போது வைகறை தொடங்குகிறது என்று ஒரு கணக்கு. கராச்சி முறை என்று செயலியில் இருப்பது 18 டிகிரி. முஸ்லிம் வேர்ல்டு லீக் என்பதும் பஜ்ருக்கு 18. வட அமெரிக்காவுக்கு என்று ஒரு முறை இருக்கிறது, 'இஸ்னா' என்று போட்டிருக்கும், அதில் 15 டிகிரி. இந்த மூன்று டிகிரி வித்தியாசம் நம் ஊரில் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் வரும். உங்கள் செயலியில் தெரியாமல் அது தேர்வாகி இருந்தால், நம் பள்ளியின் கணக்குப்படி ஸஹர் முடிந்து பன்னிரண்டு நிமிடம் ஆன பிறகும் நீங்கள் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் அல்ல, முப்பது நாளும். இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அஸர். இங்கே நாம் ஹனஃபி மத்ஹபுப்படி தொழுகிறோம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்து குடியிருக்கிற ஷாஃபி மத்ஹபுச் சகோதரர்களும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு பொருளின் நிழல், நடுப்பகலில் அதற்கு இருந்த நிழலைக் கழித்துவிட்டு, அதன் அளவுக்கு ஒரு மடங்கு ஆவது ஷாஃபி கணக்கு. இரண்டு மடங்கு ஆவது ஹனஃபி கணக்கு. ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். பல செயலிகளில் கேட்காமலே ஷாஃபி கணக்குதான் முதலில் இருக்கும். ஹனஃபி என்று நீங்கள் மாற்றி வைத்திருந்தாலும், செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாலோ, புதுப் போன் வாங்கினாலோ, பழையபடி ஆகிவிடும். போன் மாற்றிய பிறகு அஸரை முன்னாலேயே தொழுதுகொண்டிருக்கிறேன் என்று சென்ற மாதம் ஒருவர் வந்து கேட்டார். நல்லவேளை, கேட்டார்.

கிப்லாவும் அப்படித்தான். போனில் உள்ள திசைகாட்டி காந்தத்தால் வேலை செய்கிறது. மூடி வைக்கிற கவர்களில் சிலவற்றில் காந்தம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கவரோடு பார்த்தால் முள் எங்கேயோ காட்டும். கவரைக் கழற்றிவிட்டு, இரும்பு பீரோ, கட்டில் பக்கத்தில் இல்லாமல், போனை எட்டுப் போடுவது போல் இரண்டு முறை சுழற்றிவிட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து கஃபா, நேர் மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 18 டிகிரி சாய்வில் இருக்கிறது. நம் பக்கத்து ஊர்களிலும் மேற்கிலிருந்து வடக்கே கொஞ்சம் சாய்வுதான். போன் உங்களைக் கிழக்கே நிற்கச் சொன்னால் நிற்காதீர்கள்.

இதையெல்லாம் கேட்டு, "பழைய காலமே நன்றாக இருந்தது" என்று சொல்லிவிடக் கூடாது. நம் முன்னோர்கள் கருவிகளை வெறுத்தவர்கள் அல்ல. திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் இப்னுஷ் ஷாத்திர் என்ற மாபெரும் வானியல் அறிஞர் இருந்தார்கள். அங்கே அவர்களுடைய வேலை 'முவக்கித்', அதாவது தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்பவர். 1371-இல் அந்தப் பள்ளியின் மினாராவுக்காக ஒரு சூரியக் கடிகாரம் செய்தார்கள். இன்று நம் போனில் இருக்கிற செயலி அந்த வேலையின் பேரப்பிள்ளைதான். ஆனால் முவக்கித் கருவியை அமைத்துவிட்டுத் தூங்கப் போகவில்லை. அதைத் தெரிந்தவர் கையில் அது இருந்தது.

சரி, இந்த அப்டேட் என்பது என்ன? மென்பொருளை எழுதுகிறவன் மனிதன். எங்கோ ஓட்டை விடுகிறான். திருடன் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கிறான். எழுதியவன் அதை அடைத்து அனுப்புகிறான். ஆண்ட்ராய்டுக்கு மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை அறிவிப்பதை 2015-இல் தொடங்கினார்கள். நம் போனில் 'இப்போது செய்யவா, பிறகு நினைவூட்டவா' என்று கேட்கிறது. நாம் எதைத் தட்டுகிறோம்? பிறகு. நாளைக்கும் பிறகு. நாளை மறுநாளும் பிறகு. உலமாக்கள் இதற்கு 'தஸ்வீஃப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தவ்பாவைத் தள்ளிப்போடுவதற்கு வைத்த பெயர் அது. ஹஜ்ஜைத் தள்ளிப்போடுவது, விட்டுப்போன நோன்புகளின் கழாவைத் தள்ளிப்போடுவது, தம்பியோடு பேசாமல் இருப்பதை முடித்துக்கொள்ளாமல் தள்ளிப்போடுவது. சென்ற ரமலானில் விட்ட நோன்பு இன்னும் பாக்கி உள்ளவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். ஷஃபானில் இன்னும் நாள் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் தங்கள் ரமலான் கழாவை ஷஃபானில்தான் நிறைவேற்ற முடிந்தது என்று சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. இன்று இரவே நிய்யத் வைத்து, நாளை ஆரம்பித்துவிடலாம்.

ஆடை நைந்து போவதைப் போல ஈமானும் உள்ளத்தில் நைந்து போகிறது, அதைப் புதுப்பிக்கும்படி அல்லாஹ்விடம் கேளுங்கள் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் ஹாகிமில் வருகிறது. நைந்து போவது நம் ஈமான். மார்க்கம் நையவில்லை. "காலத்துக்கு ஏற்ப மார்க்கத்தையும் அப்டேட் செய்ய வேண்டும் ஹஜ்ரத்" என்று படித்த பிள்ளைகள் சிலர் சொல்கிறார்கள். ஜிப்ரீல் (அலை) இரண்டு நாட்கள் வந்து தொழ வைத்து, முதல் நாள் ஆரம்ப நேரத்தையும் மறுநாள் இறுதி நேரத்தையும் காட்டிக் கொடுத்தார்கள். அந்த நேரம் மாறவில்லை. மணல் கடிகாரம் போய், சூரியக் கடிகாரம் போய், சுவர்க் கடிகாரம் போய், போன் வந்திருக்கிறது. கருவி எத்தனை முறை மாறினாலும் அன்று ரயில் ஜன்னலில் சூரியன் மறைவதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், அனுமதி. இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

சூரத்துந் நூர் 27-வது வசனத்தில், பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமலும் ஸலாம் சொல்லாமலும் நுழையக் கூடாது என்று அல்லாஹ் தடுக்கிறான். நபி (ஸல்) அவர்களின் அறையை ஒருவர் கதவின் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். நபியவர்களின் கையில் தலை கோதுகிற இரும்புச் சீப்பு இருந்தது. நீ பார்ப்பது தெரிந்திருந்தால் இதனால் உன் கண்ணில் குத்தியிருப்பேன், பார்வையின் காரணமாகத்தானே அனுமதி கேட்பதே விதிக்கப்பட்டது என்ற கருத்தில் கண்டித்தார்கள். கருணையே வடிவான நபியின் வார்த்தை இது. வீட்டின் உள்பக்கம் அவ்வளவு கண்ணியமானது.

நம் வீட்டின் உள்பக்கம் இன்று எங்கே இருக்கிறது? போனில் இருக்கிறது. மனைவி மக்களின் படம், அக்காவின் அழுகுரல் வாய்ஸ் மெசேஜாக, மருத்துவ ரிப்போர்ட், பேங்க் கணக்கு. ஒரு டார்ச் லைட் செயலியை இறக்குகிறோம். அது தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, மைக்கைக் கேட்கலாமா என்று கேட்கிறது. விளக்குப் பிடிக்க வந்தவன் பீரோச் சாவியை ஏன் கேட்கிறான்? கொடுத்துவிடுகிறோம். உங்கள் போனில் இருக்கிற எண்கள் உங்களுடையவை அல்ல. அது என் எண், உங்கள் சகோதரியின் எண், உங்களை நம்பிக் கொடுத்தது. அமானிதம். கடன் தருகிறோம் என்கிற செயலிகளில் சிலர் மாட்டிக்கொண்டு, வட்டி என்ற பாவம் ஒருபுறம் இருக்க, அந்தத் தொடர்பு எண்களுக்கெல்லாம் போன் போட்டு மிரட்டி மானத்தை வாங்கிய கதைகளை நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள்.

தொழுகைச் செயலி என்றால் பயமில்லை என்று எண்ண வேண்டாம். 2020 நவம்பரில், உலகம் முழுவதும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் இறக்கியிருந்த ஒரு தொழுகைச் செயலியிலிருந்து, பயன்படுத்துபவர்களின் இருப்பிட விவரம் ஒரு தரவு வியாபார நிறுவனத்துக்குப் போனதாகவும், அந்த நிறுவனம் அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புள்ள ஒப்பந்ததாரர்களுக்கு இருப்பிட விவரங்களை விற்றதாகவும் செய்தி வெளிவந்தது. செய்தி வந்த பிறகு அந்தச் செயலிக்காரர்கள் தொடர்பை முறித்துக்கொண்டோம் என்று அறிவித்தார்கள். கிப்லா பார்க்க எடுத்த போன், நாம் எங்கே ஸுஜூது செய்தோம் என்று எவனுக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. "அப்படியானால் இருப்பிட அனுமதி கொடுங்கள் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா ஹஜ்ரத்?" நியாயமான கேள்வி. பெரும்பாலான செயலிகளில் ஊரின் பெயரை நாமே எழுதி வைக்கலாம். வெளியூர் போனால் நாமே மாற்றலாம். அல்லது 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தட்டுங்கள். எப்போதும் என்று கொடுக்காதீர்கள். நான் இப்போது ஊரை எழுதித்தான் வைக்கிறேன். ரயில் ஏறினால் டிக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இதுவும் நினைவில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வருகிற ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி. தட்டினால் போனுக்குள் உட்கார்ந்து, பேங்கிலிருந்து வருகிற ஓடிபியைப் படித்துவிடும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். நம் ஜமாஅத் குரூப்பிலும் ஒரு முறை வந்தது. சூரத்துல் ஹுஜுராத் 6-வது வசனத்தில் வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி அல்லாஹ் ஏவுகிறான். ஒரு போன் போட்டு, "பாய், உங்கள் வீட்டில் நிகாஹ்வா?" என்று கேட்டால் தெளிவாகிவிடும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, கொடுப்பதற்கு மட்டும்தான். பின் போடுங்கள், பணம் வரும் என்று யார் சொன்னாலும் திருடன். மாட்டிவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.

2024 ஜூலை 19. அன்றும் ஒரு ஜும்ஆ நாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாதுகாக்க வந்ததே முடக்கியது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. கட்டாமல் தவக்குல் என்பவர்களுக்கு அதை அடிக்கடி சொல்கிறோம். கயிற்றின் மீதே தவக்குல் வைத்தவர்களுக்கும் அந்த ஹதீஸில் பங்கு இருக்கிறது. நான் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருந்தேன்.

கடைசியாக வாலிபர்களுக்கு. உங்கள் அத்தாவும் அம்மாவும் போனில் ஏதாவது வந்தால் உங்களிடம் கேட்கத் தயங்குகிறார்கள். ஏன் தெரியுமா? போன முறை கேட்டபோது, "இதுகூடத் தெரியாதா" என்று போனைப் பிடுங்கி, நான்கு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டீர்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இரண்டாவது முறை கேட்கவும் மனம் வரவில்லை. நம் பள்ளிக்கு வருகிற ஒரு பெரியவர், அப்டேட் என்று வந்தால் பணம் போய்விடுமோ என்று பயந்து போனையே அணைத்து வைத்துவிடுகிறார். சவூதியில் இருக்கிற மகன் பேச முடியாமல் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுகிறார். நீங்கள் அலிஃப், பா எழுதப் பழகியபோது அவர்கள் எத்தனை முறை கையைப் பிடித்து எழுத வைத்தார்கள்!

ஆகவே இந்த ஞாயிறு அஸருக்குப் பிறகு, ஒளு செய்யும் இடத்துக்குப் பக்கத்துத் திண்ணையில் நம் வாலிபர்கள் ஐந்து பேர் உட்காருவார்கள். நிர்வாகத்திடம் பேசிவிட்டேன். போனை எடுத்து வாருங்கள். ஊர் சரியா, கணக்கு முறை சரியா, மத்ஹபு சரியா, தேவையில்லாத அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பார்கள். ஓடிபியையும் பின்னையும் அவர்களிடமும் சொல்லாதீர்கள். பெண்கள் தங்கள் போன்களை மக்தப் ஆலிமாவிடம் காட்டலாம். நம் பள்ளியின் ரமலான் அட்டவணை வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. செயலியும் அட்டவணையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால் என்னிடம் வந்து கேளுங்கள். ஒருவேளை அட்டவணையில் அச்சுப் பிழையாகவும் இருக்கலாம், இருந்தால் திருத்துவோம்.

ஈரோட்டில் உறவினர் உள்ளவர்கள் யாராவது இந்தப் பயானைக் கேட்டால், படித்தால், அங்கே சொல்லுங்கள். சென்னையிலிருந்து வந்த ரயிலில், மகளோடும் பேரனோடும் நோன்பு திறந்த ஒரு பெரியம்மா. தாடி வைத்த ஒரு ஹஜ்ரத்துக்கு வடை கொடுத்தவர். அவர் ஒரு நோன்பைக் கழா செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! அந்தத் தாய் உயிரோடு இருந்தால் இந்தச் செய்தியை அவருக்குச் சேர்த்து வைப்பாயாக. உன்னிடம் வந்துவிட்டிருந்தால், அவர் உன்னை நம்பிப் பசித்திருந்த அந்த நாளை முழு நோன்பாக ஏற்றுக்கொள்வாயாக. அவர் குடித்த அந்தத் தண்ணீருக்கு என்னைக் கேள். என் பிழையை மன்னிப்பாயாக. எங்கள் தொழுகைகளையும் நோன்புகளையும் உரிய நேரத்தில் நிறைவேற்றக் கூடியவர்களாக எங்களை ஆக்குவாயாக. ரமலானை அடைகிற பாக்கியத்தைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.